வாங்கும் முன் ஒரு தாள்



சில ஆண்டுகளுக்கு முன் நம் அறக்கட்டளை சார்பில் ஒரு விதவைச் சகோதரிக்கு வீடு கட்டிக் கொடுத்தோம். சிமென்ட் விலை ஏறப்போகிறது என்று யாரோ சொல்ல, நான் அவசரப்பட்டு எண்பது மூட்டை வாங்கி இறக்கிவிட்டேன். ஆனால் ஆசாரியிடம் நிலை, ஜன்னல் செய்யச் சொல்லவே இல்லை. அவை வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இருபத்தாறு மூட்டை கட்டிதட்டி வீணானது. அந்தச் சகோதரி பிள்ளைகளோடு மேலும் மூன்று மாதம் வாடகை வீட்டில் இருக்க நேர்ந்தது. யாரும் பணத்தைத் திருடவில்லை, திட்டமிடாததால் போனது. தவறு என்னுடையது.

இப்போது மதரஸாவுக்கு இரண்டு வகுப்பறைகள் கட்டவிருக்கிறோம். இம்முறை கொள்முதல் திட்டத்தை எழுதி முடித்த பிறகுதான் பணம் வெளியே போகும். சொந்த வீடு கட்டுவோருக்கும் இது உதவும் என்பதால் விளக்குகிறேன்.

1. எது, எவ்வளவு: பொறியாளரின் மதிப்பீட்டைக் கொண்டு ஒவ்வொரு பொருளின் அளவையும் தரத்தையும் எழுத வேண்டும். "நல்ல கம்பி" என்று எழுதினால் போதாது, "12 மி.மீ., எஃப்இ 500டி" என்று எழுத வேண்டும்.

2. எப்போது: தேவைப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மர வேலைக்கு முதலில் சொல்ல வேண்டும். சிமென்ட்டைத் தேவைக்கேற்பப் பகுதி பகுதியாக வாங்க வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் அதன் வலிமை குறையும். தயாரித்த வாரம் மூட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

3. எப்படி: கூலி ஒப்பந்தமா, பொருளோடு சேர்த்த ஒப்பந்தமா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கூலி ஒப்பந்தத்தில் பொருள் வீணானால் நட்டம் நமக்கு. பொருளோடு விட்டால் ஒப்பந்ததாரர் தரத்தைக் குறைக்க இடமுண்டு. மேற்பார்வை கூடுதலாகத் தேவை.

4. யாரிடம்: ஒரே அளவு, ஒரே தரம் எழுதிய தாளை மூன்று கடைகளில் கொடுத்து விலை கேட்க வேண்டும். வரி, வண்டி வாடகை, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்த விலையையே ஒப்பிட வேண்டும். சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, பில்லில் சரிபாருங்கள். கடைக்காரர் நிர்வாகக் குழு உறுப்பினரின் உறவினரானால், அந்த உறுப்பினர் முடிவெடுக்கும் கூட்டத்தில் உட்காரக் கூடாது.

5. சரிபார்ப்பு: பொருளை எண்ணி, அளந்து வாங்க ஒருவரை நியமிக்க வேண்டும். 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 10.66 கிலோ இருக்கும். எம்-சாண்ட் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வண்டியின் நீளம், அகலம், உயரத்தை அளந்தால் தெரிந்துவிடும்.

6. பணம்: முழுத்தொகையையும் முன்கூட்டியே கொடுக்கக் கூடாது. வேலை முடிந்த அளவுக்குத் தவணையாகக் கொடுத்து, கடைசியில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, மழையில் ஒழுகுகிறதா என்று பார்த்த பின் கொடுக்க வேண்டும்.

நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் எங்களிடம் அமானிதம். இந்தத் திட்டத் தாளும் மூன்று கடைகளின் விலைப்பட்டியலும் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். ஜும்ஆவுக்குப் பின் வந்து பாருங்கள். கட்டட வேலை தெரிந்த சகோதரர்கள் குறை கண்டால் வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். வாங்கிய பின் சொல்வதால் பயனில்லை.

வஸ்ஸலாம்.
செயலாளர்