படியளக்கும் அரிசிமணி

மார்கழிக் காலை. ஸ்காபறோவில் மைனஸ் 20 பாகைக் குளிர். மார்க்கம் றோட்டிலிருந்து 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் அக்சிலேட்டரை மிதித்தேன். கார் பாயவில்லை. பேச வாயெடுத்தவன் சொல் மறந்து நிற்பதுபோல ஒரு கணம் திக்கியது. பின்னால் வந்த லொறியின் வெளிச்சம் கண்ணாடியை நிறைத்தபோதுதான் ஒருமுறை உதறிவிட்டு இழுத்தது. அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்துவிட்டது.

கராஜில் அண்ணை பொனற்றைத் திறக்க முன்னரே கேட்டார்: "நிக்கேக்கையும் நடுங்குதோ, இல்லாட்டி மிதிக்கேக்கை மட்டும் திக்குதோ?"

"மிதிக்கேக்கை மட்டும்தான் அண்ணை."

"அப்ப முதல்ல அதின்ரை மூச்சைப் பாப்பம்."

அவர் யாழ்ப்பாணத்தில் தொழில் பழகியவர். 1990களின் பொருளாதாரத் தடையில் அங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே, பொன்போலச் சேமித்த பெற்றோலில் சிறிதளவு விட்டு ஸ்ரார்ட் பண்ணுவார்கள். சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய். எரிவது திரவமல்ல, காற்றோடு அளவாகக் கலந்த ஆவி என்ற பாடத்தை அந்த மெக்கானிக்குகள் புகையின் நிறத்திலும் மணத்திலும் படித்தார்கள்.

அளவுதான் எல்லாம். ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலுக்குச் சுமார் 9,000 லீற்றர் காற்று என்று கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கிறது. அந்தக் காற்றும் ஒரே கனத்தில் நிற்பதில்லை. மைனஸ் 20 பாகைக் காற்று, பிளஸ் 20 பாகைக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு கனமானது. ரொறன்ரோவில் ஓடும் கார் ஆடியில் ஒரு காற்றையும் மார்கழியில் இன்னொரு காற்றையும் குடிக்கிறது.

அதை அளப்பது எயார் பில்ற்றருக்கு அப்பால் இருக்கும் ஒரு சென்சர். பல கார்களில் அது சூடாக்கப்பட்ட, மயிரிழை போன்ற பிளாட்டினக் கம்பி. காற்று கடந்து போகும்போது கம்பி குளிர்கிறது. அதன் சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து உள்ளே போன காற்றின் நிறையைக் கொம்பியூட்டர் அறிகிறது. அதற்கேற்பப் பெற்றோல் விடுகிறது.

அண்ணை ஸ்கானரைக் கொழுவினார். பி0171 என்று வந்தது: காற்று மிகுதி, பெற்றோல் போதாது. "இதைப் பாத்திட்டு உடனே சாமானை மாத்தக்கூடாது" என்றார். ரப்பர்க் குழாயில் வெடிப்பிருந்தாலும் அதே எண்தான் வரும். ஆனால், குழாய் ஒழுகினால் எஞ்சின் சும்மா நிற்கையில்தான் கோளாறு பெரிதாகத் தெரியும். வேகம் கூட்டக் குறையும். கம்பி அழுக்கானாலோ காற்று பெருகப் பெருகக் கணக்குத் தப்பும். பெற்றோல் பம்ப் சோர்ந்தாலும் இப்படித்தான் என்பதால் அதன் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டார். அது சரியாக இருந்தது.

கழற்றிப் பார்த்தால் கம்பியில் மெல்லிய அழுக்குப் படலம். காற்றை அது குறைத்துச் சொல்ல, பெற்றோலும் குறைந்திருக்கிறது. புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சர் முறையிட்டபின் கொம்பியூட்டர் திருத்தத்தான் பார்த்தது. சடாரென்று மிதிக்கும்போது அந்தத் திருத்தம் போதவில்லை. அதுதான் என் திக்கல். இந்த வேலைக்கென்றே உள்ள ஸ்பிறேயை அடித்தார். விரலோ துணியோ படவில்லை, பட்டால் கம்பி அறுந்துவிடக்கூடும். நன்றாகக் காயவிட்டுப் பூட்டினார். எயார் பில்ற்றரையும் மாற்றினார்.

கம்பி காயும்வரை வாசலில் நின்றேன். ஒவ்வொரு மூச்சும் வெண்புகையாகப் போனது. அப்போதுதான் உறைத்தது: பஸ்ஸைப் பிடிக்க எத்தனை தரம் ஓடியிருப்பேன், ஒருநாளாவது முதல் அடியில் மூச்சுத் திக்கியதா?

ஓய்வில் நிமிடத்துக்கு 6 லீற்றரளவில் காற்றை இழுக்கும் நெஞ்சு, கடும் ஓட்டத்தில் 100 லீற்றரையும் தாண்டும். இரத்தத்தில் எந்த மாற்றமும் தெரிவதற்கு முன்னரே, காலெடுத்து வைத்த அக்கணமே, மூச்சு உயரத் தொடங்கிவிடுகிறது. முறைப்பாடு வரட்டும் என்று உடல் காத்திருப்பதில்லை. பிறகு நுணுக்கத் திருத்தங்கள் வருகின்றன. மூளைத்தண்டு கரியமிலவாயுவின் கணக்கைப் பார்க்கிறது. கழுத்தின் இரு பக்கமும், தலைக்கு ஏறும் நாடி கிளைக்கும் இடத்தில், பக்கத்துக்கொன்றாய் இரண்டு சிறு உறுப்புகள் இரத்தத்தின் ஒட்சிசனைச் சோதித்தபடி இருக்கின்றன. அவை மூச்சை ஆளும் விதத்தைக் கண்டறிந்த பெல்ஜிய அறிஞர் கோர்னேய் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது.

அந்த உறுப்பின் பருமன் ஓர் அரிசிமணியளவு.

மதுரையில் இதே மார்கழியில், தேய்பிறை அட்டமியன்று, சுவாமியும் அம்மனும் சப்பரத்தில் வர வீதியெங்கும் அரிசி தூவுவார்கள். எல்லா உயிருக்கும் ஈசன் படியளக்கிறானா என்று சோதிக்க அம்மை ஓர் எறும்பைச் சிமிழுக்குள் அடைத்தாளாம். திறந்து பார்த்தபோது எறும்பின் வாயருகே ஓர் அரிசிமணி இருந்ததாம். சிறுவயதில் கேட்டபோது அதைச் சோற்றுக் கதை என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, இப்ப ஓடிப் பாரும்" என்றார் அண்ணை. அதே வளைவில் மிதித்தேன். எஞ்சின் ஒரே சீராக, மூச்சுப் பிடித்துப் பாடுபவரின் ஆலாபனைபோல ஏறியது. வீட்டு வாசலில் இறங்கி, கையுறையைக் கழற்றி, தாடைக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். நாடி துடித்தது. அந்த அரிசிமணியை அங்கே யார் வைத்தது என்று எனக்குச் சந்தேகம் எழவில்லை.