லுணுகலை மரத்துக்கு எந்த வாள்?

ஹாட்வெயார் கடைச் சுவரில் வரிசையாகத் தொங்கும் வாள்களைக் காட்டி "எது நல்லது?" என்று கேட்டால், விவரம் தெரிந்த தச்சு பாஸ் பதில் சொல்லமாட்டார். எந்த மரம், எந்தப் பக்கமாக அறுக்கப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்.

பதுளையிலிருந்து பசறை வழியாகச் செங்கலடிக்குப் போகும் வீதியில் இருக்கிறது லுணுகலை. சுற்றிவரத் தேயிலைத் தோட்டங்கள். வீட்டு வேலைக்குக் கைக்கு வருவது பெரும்பாலும் சவுக்கு, அதாவது தேயிலைக்கு நிழலாக நட்ட கிரேவிலியா. கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அடுத்தது யூகலிப்டஸ். வசதி இருந்தால் மகோகனி. பலா என்றால் பழைய வீட்டு நிலையையோ சன்னலையோ பிரித்து எடுத்ததுதான்; நிற்கும் பலாவை அனுமதியில்லாமல் தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் விடாது.

நார் ஓடும் வழியே பலகையை நெடுக்காக அறுப்பது ஒரு வேலை, நாருக்குக் குறுக்கே துண்டாக்குவது வேறு வேலை. நெடுக்கு வாளின் பல், உளி முனையாகத் தட்டையாக இருக்கும். நாரைச் செதுக்கி வெளியே தள்ளும். குறுக்கு வாளின் பல்லைச் சாய்த்து அராவியிருப்பார்கள். நாரை இருபக்கமும் வெட்டிவிட்டு நடுவில் உள்ளதைத் தூளாக்கும். முதலாவதற்கு அங்குலத்துக்கு 5, 6 பற்கள். இரண்டாவதற்கு 8 முதல் 12. நெடுக்கு அறுப்பை மரக்காலையிலேயே முடித்து வாங்கிவிடலாம் என்பதால், ஒரு வாங்கோ கோழிக்கூடோ சாமித் தட்டோ செய்ய நினைப்பவர் முதலில் வாங்கவேண்டியது 8 பல் குறுக்கு வாள்.

பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்றே வளைத்திருப்பதைக் கவனியுங்கள். அறுக்கும் தடம் தகட்டைவிட அகலமாக விழுவதும், தகடு இறுகாமல் ஓடுவதும் அதனால்தான். பச்சை மரத்தின் ஈர நார் வாளைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு வளைவு கூட வேண்டும். காய்ந்த மரத்துக்குக் கொஞ்சம் போதும். மார்கழி மழையில் வாங்கிய சவுக்குப் பலகையோடு மல்லுக்கட்டுவதைவிட, இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கிவிட்டு, கச்சான் வீசும் மாதங்கள்வரை பொறுப்பது மேல். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் அந்த வறட்டுக் காற்று பலகையையும் உலர்த்திக் கொடுக்கும்.

நம் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் கைவாள், தள்ளும்போது அறுக்கும். தள்ளினால் மடியக்கூடாது என்பதற்காகத் தகட்டைத் தடிப்பாகச் செய்வார்கள். ஜப்பானிய வாள் இழுக்கும்போது அறுக்கும். இழுப்பில் தகடு தானே நிமிர்ந்து நிற்பதால் அதை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. பழைய எகிப்தியரின் செம்பு வாளும் இழுத்து அறுத்ததுதான், தள்ளினால் செம்பு மடங்கிவிடும். நுணுக்கமான மூட்டு வேலைக்கு ஜப்பானிய வாள் அருமை. பழைய பலா நிலைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ஆணி போதும், அதன் சன்னப் பற்கள் உதிர்ந்துவிடும். மூட்டுக்கு, முதுகில் இரும்புப் பட்டை போட்ட சிறு வாளே இங்கே பொருந்தும் என்பேன்.

கடையில் பல் நுனி நீலக் கருமையாகத் தெரிந்தால், அது சூடேற்றிக் கடினமாக்கிய பல். கூர் வெகுநாள் தங்கும். மழுங்கிய பிறகு அரத்துக்கு மசியாது, தூக்கி எறியவேண்டியதுதான். சாதாரணப் பல் சீக்கிரம் மழுங்கும், ஆனால் ஒரு முப்பட்டை அரம் இருந்தால் வீட்டிலேயே கூர் தீட்டலாம். ஆணி ஒளிந்திருக்கும் பழைய மரத்தை அறுக்கிறவருக்கு இரண்டாவதுதான் வாள். வாங்கும்போது நுனியைப் பிடித்து வளைத்து விட்டுப் பாருங்கள். நேராகத் திரும்பாத தகட்டைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

கரண்டில் ஓடும் வட்ட வாள் வேகமானது. தடம் பின்னால் மூடி வட்டைப் பிடித்தால், அந்த மெஷினே அறுக்கிறவரை நோக்கிப் பாயும். பழைய வயரிங் உள்ள லயத்தில், கூரைக் கம்பிகளுக்கு நடுவே அதை ஓட்ட அவசரப்படவேண்டியதில்லை. அது கிளப்பும் தூளும் அதிகம். சவுக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும், கைவாளால் அறுத்தாலும்கூட. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, முகத்தைத் துணியால் மூடி அறுங்கள். முடித்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.