எண்ணிமப் பதிவும் அதன் ஆயுளும்

கற்றறிந்தோர் தாம் அறிந்தவற்றைப் பின்வருவோர்க்கு வைத்துச் செல்லும் வழிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. கல்லிலும் செம்பிலும் பொறித்தனர். பனையோலையிலே எழுத்தாணி கொண்டு கீறினர். பின்னர்த் தாளிலே அச்சிட்டனர். இற்றைநாளிலோ நாம் எழுதுவன, பேசுவன, பாடுவன, படம் பிடிப்பன யாவும் எண்களாக மாற்றப்பட்டு, கட்புலனாகாத நுண்குறிகளாக ஒரு சிறு தகட்டினுள்ளே அடங்கிவிடுகின்றன. புதிய கருவிகளில் இளமை முதலே ஈடுபாடுடைய யானும் இம்மாற்றத்தை வியந்து போற்றுவோருள் ஒருவன். ஆயினும், இப்பதிவுகள் எத்துணைக் காலம் நிலைக்கும் என்னும் வினாவை நம்மிற் பலர் எழுப்புவதில்லை. அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்மையில் ஆசிரிய நண்பர் ஒருவர் மூன்றரை அங்குல நெகிழ்வட்டு ஒன்றுடன் என் இல்லத்துக்கு வந்தார். அவருடைய தந்தையார் தம் ஊரிலே வழங்கிய உழவு, மீன்பிடி, தச்சு ஆகிய தொழில்களுக்குரிய சொற்களைப் பல்லாண்டுகளாகத் திரட்டி, 1990களின் இறுதியில் கணினியிலே தட்டெழுதி, அவ்வட்டிற் சேர்த்து வைத்திருந்தார். தந்தையார் இன்று இல்லை. கையெழுத்துப் படிகள் பிற்பட்ட இடப்பெயர்வுகளிலே தொலைந்து போயின. எஞ்சியது அவ்வட்டு ஒன்றே. அதனைத் திறந்து தர இயலுமா என்று நண்பர் கேட்டார். திறக்க முயன்றபோது மூன்று தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்பட்டன. கருவியின் மறைவு, பொருளின் சிதைவு, குறியீட்டின் மயக்கம் என்பன அவை. இம்மூன்றும் எண்ணிமப் பதிவுகள் அனைத்துக்கும் பொதுவானவை ஆதலின், அவற்றை முறையே ஆராய்வாம்.

அதற்கு முன்னர், எண்ணிமப் பதிவு என்பது யாதென அறிதல் வேண்டும். கணினி அறிந்தன இரண்டே நிலைகள். ஒன்று உண்மை, மற்றையது இன்மை. இவற்றை 1 எனவும் 0 எனவும் குறிப்பர். இவ்வாறான குறிகள் எட்டினை ஒருங்கு சேர்த்தால் 256 வேறுபட்ட கோலங்கள் கிடைக்கும். அவ்வெட்டின் தொகுதியே பைற்று எனப்படும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வகுத்துக்கொண்டால், எந்நூலையும் எண்களின் நீண்ட வரிசையாக எழுதிவிடலாம். இசையும் இவ்வாறே ஆகும். 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டிலே ஒரு வினாடி ஒலியானது 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 குறிகளாகப் பதியப்படுகின்றது.

இம்முறையின் பெருஞ்சிறப்பு யாதெனில், படியெடுக்கும்போது பதிவு தேய்வதில்லை என்பதாம். ஏடெழுதுவோர் ஒரு சுவடியைப் பார்த்து மற்றொன்று எழுதுங்கால் எழுத்துக்கள் மயங்கின, அடிகள் விடுபட்டன, பாடபேதங்கள் பெருகின. ஒலிநாடாவைப் படியெடுப்பின் ஒவ்வொரு படியிலும் இரைச்சல் மிகுந்தது. எண்ணிமப் பதிவின் நூறாவது படியோ முதற்படியை முற்றிலும் ஒத்திருத்தல் கூடும். கொள்ளளவும் வியப்பூட்டும் வகையிற் பெருகியுள்ளது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுக் கருவி, 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்களைக் கொண்டிருந்தும், 50 இலட்சம் எழுத்துக்களையே தாங்கிற்று. இன்று விரல்நகத்தளவான அட்டையொன்று அதனினும் ஏறக்குறைய இரண்டு இலட்சம் மடங்கு தாங்கவல்லது. இத்துணைச் சிறப்பு வாய்ந்த பதிவு நெடிது நிலைக்கும் என்று எண்ணுதல் இயல்பே. ஆனால் உண்மை வேறு.

முதலாவது தடை கருவியின் மறைவு. ஓலையையும் தாளையும் படிப்பதற்குக் கண்ணும் ஒளியும் போதும். வட்டினைப் படிப்பதற்கோ அதற்கென அமைந்த பொறி வேண்டும். மூன்றரை அங்குல நெகிழ்வட்டு 1980களிற் பரவி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எங்கும் வழங்கிற்று. 1998இல் அப்பிள் நிறுவனம் நெகிழ்வட்டுச் செலுத்தி இல்லாத ஐமாக் கணினியை வெளியிட்டபோது பலரும் குறை கூறினர். எனினும் பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. 2011இல் சோனி நிறுவனம் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்திற்று. நண்பரின் வட்டினை நுழைப்பதற்குரிய வாய் நானறிந்த கணினி எதிலும் இருக்கவில்லை. பலரிடம் உசாவி, புறத்தே இணைக்கத்தக்க பழைய செலுத்தி ஒன்றை இரவலாகப் பெற்றோம்.

இத்தடையின் கடுமையைப் பிரித்தானியர் பெரும் பொருட்செலவிலே கற்றுக்கொண்டனர். முதலாம் வில்லியம் மன்னன் இங்கிலாந்தின் நிலங்களை அளந்து எழுதுவித்த பதிவேடு 1086ஆம் ஆண்டுக்குரியது. டூம்ஸ்டே ஏடு என அது வழங்கும். அதன் 900ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, பீ.பீ.சி. நிறுவனம் புதிய டூம்ஸ்டே ஒன்றை 1986இல் வெளியிட்டது. ஆயிரக்கணக்கான பள்ளிகளின் மாணாக்கர் உட்படப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் தத்தம் ஊரைப்பற்றி எழுதியும் படமெடுத்தும் உதவினர். செலவு ஏறத்தாழ 25 இலட்சம் பவுண். அனைத்தும் இரண்டு இலேசர் வட்டுக்களிலே பதியப்பட்டன. அவ்வட்டுக்களைப் படிப்பதற்குச் சிறப்பாக அமைந்த செலுத்தியும் கணினியும் வேண்டியிருந்தன. அவற்றின் விலை மிகுதியாதலின் பல பள்ளிகள் வாங்கவில்லை. உற்பத்தியும் விரைவில் நின்றது. பதினாறு ஆண்டுகளுக்குள், 2002 அளவில், அப்பதிவுகளைப் படிக்கத்தக்க பொறிகள் அருகி, அவை அடியோடு பயனற்றுப் போகும் என்ற அச்சம் எழுந்தது. லீட்ஸ், மிச்சிகன் ஆகிய பல்கலைக்கழகங்களின் அறிஞர் பழைய கணினியின் செயலைப் புதிய கணினியிலே போலச் செய்யும் மென்பொருளை இயற்றி அவற்றை மீட்கும் வழி காட்டினர். தோலில் எழுதப்பெற்ற 1086ஆம் ஆண்டின் ஏடோ, ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்தும் இலண்டனிலுள்ள தேசிய சுவடிச்சாலையிலே படிக்கத்தக்க நிலையில் உள்ளது.

இரண்டாவது தடை பொருளின் சிதைவு. நெகிழ்வட்டும் வன்தட்டும் காந்தப் பதிவுகள். மெல்லிய காந்தப்பூச்சின் நுண்பகுதிகள் எத்திசை நோக்கி நிற்கின்றன என்பதே அங்கு 1, 0 எனப் பொருள்படும். காலம் செல்லச் செல்ல அக்காந்தத் தன்மை தளர்கின்றது. பூச்சும் ஈரத்தினாற் பழுதடைகின்றது. வன்தட்டிலே சுழலும் உறுப்புக்கள் தேய்கின்றன. வீட்டிலே நாம் எழுதும் இறுவட்டுக்களில் ஒருவகைச் சாயப்பொருள் பூசப்பட்டுள்ளது. இலேசர் ஒளி அச்சாயத்தை மாற்றியே குறிகளை இடுகின்றது. வெயிலும் வெப்பமும் அதே சாயத்தைத் தாமும் மாற்றிவிடும் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். தொசிபா நிறுவனத்தைச் சேர்ந்த பூசியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய பிளாஷ் நினைவகமே இன்றைய பென்டிரைவ்களிலும் கைத்தொலைபேசிகளிலும் உள்ளது. அதில் மின்னேற்றம் நுண்ணிய சிறைகளுள் அடைக்கப்பட்டிருக்கின்றது. மின்னிணைப்பின்றி நெடுநாள் வைத்திருப்பின் அவ்வேற்றம் சிறிது சிறிதாகக் கசியும். வெப்பம் மிகின் கசிவும் மிகும். வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டிலே, மேசை இழுப்பறையில் எறிந்து வைத்த பென்டிரைவை நம்பியிருப்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

தாள் சிதைவதற்கும் இவை சிதைவதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. செல்லரித்த ஏட்டிலே செல்லரியாத பகுதியைப் படிக்கலாம். அழிவும் கண்ணுக்குப் புலப்படும். எண்ணிமப் பதிவோ வெளித்தோற்றத்திலே குறையின்றி இருந்து, திறக்கும்போதே தன் அழிவைத் தெரிவிக்கும். நண்பரின் வட்டும் அவ்வாறே இருந்தது. அதிலிருந்த ஏழு கோப்புக்களுள் ஐந்து மட்டுமே படிக்கப்பட்டன. தச்சுத்தொழிற் சொற்கள் அடங்கிய இரண்டும், எத்துணை முயன்றும், மீளவில்லை.

மூன்றாவது தடை குறியீட்டின் மயக்கம். மீண்ட கோப்புக்களைத் திறந்தபோது திரையிலே தமிழ் தோன்றவில்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் நிறுத்தக்குறிகளுமே நிறைந்திருந்தன. காரணம் இது: ஆங்கிலத்துக்கென அமைந்த கணினிகளிலே தமிழை எழுதுதற்பொருட்டு, ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்களை அமைத்தனர். நம் நாட்டிலே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு அத்தகையது. அவ்வெழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதியதாக நாம் கருதும்போது, கணினி தன்னுள்ளே பதிந்துகொள்வது ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே ஆகும். அவ்வெழுத்துரு இருக்குமிடத்து அது தமிழாகத் தோன்றும். இல்லாவிடத்து வெறும் பிதற்றலாகத் தோன்றும். எழுத்துருக்கள் பல தோன்றி ஒன்றற்கொன்று மாறுபட்டமையால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத நிலையும் ஏற்பட்டது.

இம்மயக்கத்தைத் தீர்த்தது ஒருங்குறி எனப்படும் யூனிகோட் முறை. அதன் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. உலக மொழிகளின் எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் வகுப்பது அதன் நோக்கம். தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. அகரத்துக்குரிய எண் 2949. எந்நாட்டுக் கணினியிலும் அவ்வெண் அகரத்தையன்றிப் பிறிதொன்றைக் குறிப்பதில்லை. பாமினியில் எழுதியதை ஒருங்குறிக்கு மாற்றித்தரும் மென்பொருள்கள் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றின் துணையாலே ஐந்து கோப்புக்களும் தமிழாயின. திரையிலே தம் தந்தையாரின் சொற்கள் வரிசையாகத் தோன்றியபோது நண்பர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இனி, இணையத்திலே ஏற்றிவிட்டால் இத்தொல்லைகள் இல்லை என்பாரும் உளர். இணையமும் எங்கோ ஒரு நிறுவனத்துக்குரிய வன்தட்டேயாகும். பல்லாயிரவர் தம் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிற்றீஸ் சேவையை யாகூ நிறுவனம் 2009இல் மூடிற்று. 2016ஆம் ஆண்டுக்கு முன்னர்த் தன்பால் ஏற்றப்பட்ட பாடல்கள், பதிவுகளை இடம்மாற்றியபோது இழக்கப்பட்டன என்று மைஸ்பேஸ் 2019இல் அறிவித்தது. பிறர் மனையில் வைத்த பொருள் அம்மனையார் மனம்போலவே நிலைக்கும்.

இவற்றை நோக்கி, புதிய கருவிகளை ஒதுக்கிப் பழைமைக்கே திரும்புக என்று யான் கூறவில்லை. ஒரே இடத்திலுள்ள நூல் எத்துணை விலைமதிப்பற்றதாயினும் ஒரே இரவில் அழியும் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது கண்டோம். ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பராயின. எண்ணிமப் படிகள் பல ஊர்களில் இருந்திருப்பின், கட்டடம் எரிந்திருக்கும். நூல்கள் முற்றாக அழிந்திரா. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து உலகெங்கும் படிக்கச் செய்துவருவது இவ்வுண்மையை உணர்ந்தமையாலேயாம்.

உண்மையில், நம் முன்னோர் இச்சிக்கலை நன்கு அறிந்திருந்தனர். ஓலை நிலையாது என்பதை உணர்ந்தே காலந்தோறும் புதிய ஏட்டிற்கு மாற்றி எழுதினர். சிறுப்பிட்டியிலே தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சிதைந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியது, அழியும் ஊடகத்திலிருந்து பரவும் ஊடகத்துக்கு நூலை மாற்றிய அருஞ்செயலன்றோ? எனவே நூலைக் காத்தது ஓலையின் உறுதியன்று. இடையறாது படியெடுத்தோரின் கவலையே. எண்ணிமப் பதிவுக்கும் இதுவே விதி.

ஆதலின் நாம் செய்யத்தக்கன சில உள. முக்கியமான பதிவு எதற்கும் மூன்று படிகள் வேண்டும்; அவை இருவகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும்; அவற்றுள் ஒன்றேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை அவற்றைத் திறந்து பார்த்து, ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை புதிய ஊடகத்துக்கு மாற்றுக. தமிழை ஒருங்குறியிலேயே எழுதுக. ஒரு நிறுவனத்தின் மென்பொருளால் மட்டும் திறக்கத்தக்க வடிவங்களைத் தவிர்த்து, யாவர்க்கும் பொதுவான வடிவங்களைக் கொள்க. புதிய கருவி வாங்குவோர் அதன் விரைவையும் அழகையும் வினவுமுன், "இதனுள் வைப்பதை நான் வேண்டும்போது வெளியே எடுக்க இயலுமா?" என்று வினவுக. மிகச் சிறந்தவற்றைத் தாளிலும் அச்சிட்டு வைக்க.

இம்மலரைப் படிக்கும் மாணாக்கர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியார் சொல்லும் கதைகளையும், ஊர்ப் பெரியோர் பேச்சையும், கல்லூரி விழாக்களையும் கைத்தொலைபேசியிலே நாடோறும் பதிகின்றீர்கள். பதிதல் இன்று எளிது; பேணுதலே அரிது. நண்பரின் தந்தையார் தொகுத்தவற்றுள் உழவுச் சொற்களும் மீன்பிடிச் சொற்களும் அச்சிடப்பட்டு இன்று மூன்று நூலகங்களில் உள்ளன. தச்சுச் சொற்களைச் சொல்லத்தக்க முதியோர் எவரேனும் அவ்வூரில் உளரோ என்று நண்பர் இப்பொழுது தேடிக்கொண்டிருக்கின்றார்.