சிஸ்டருக்கு நேரம் இருக்கிறதா?

"உம்மாவை மூன்று நாள் வார்டில் வைத்திருந்தோம். சிஸ்டர் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை." மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்கள் அடிக்கடி சொல்லும் மனக்குறை இது. குறை நியாயமானதுதான். ஆனால் காரணம் பல நேரங்களில் அவருடைய குணமல்ல, வேலைச்சுமை.

நோயாளிகள் கூடும்போது ஊசியையும் மருந்தையும் தள்ளிப்போட முடியாது. பேச்சைத் தள்ளிப்போடலாம். ஐரோப்பாவின் 12 நாடுகளில் செவிலியரிடம் கேட்டபோது, நேரமின்மையால் அதிகம் விடுபடுவதாக அவர்கள் சொன்னது நோயாளியிடம் ஆறுதலாகப் பேசுவதைத்தான்.

இது மனவருத்தத்தோடு நிற்பதில்லை. 9 ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி 2014-ல் வெளியான ஆய்வின்படி, ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலும், 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு செவிலியருக்கு அதிகபட்சம் எத்தனை நோயாளிகள் என்ற வரம்பு 2004 முதல் சட்டப்படி நடைமுறையில் உள்ளது.

நம்மால் ஆனதைச் செய்வோம். ஆளுக்கொரு முறை சிஸ்டரைக் கூப்பிடாமல், துணைக்கு இருக்கும் ஒருவரே கேள்விகளைக் குறித்துவைத்து ஒன்றாகக் கேட்கட்டும். சாப்பாடு ஊட்டுவது, முகம் துடைப்பது போன்றவற்றை சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு நாமே செய்யலாம். மூச்சுத்திணறல், இரத்தப்போக்கு, மயக்கம் என்றால் தயங்காமல் உடனே கூப்பிடுங்கள்.

வார்டில் ஆள் போதவில்லை என்றால், அந்தப் புகாரை நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். இரவு முழுதும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணிடம் கோபத்தைக் காட்ட வேண்டாம்.