பெரிய திட்டங்கள் ஏன் இழுக்கின்றன?

அரசின் பெரிய கட்டுமானத் திட்டங்கள் தாமதமாவதற்குப் பொறியியல் சிக்கல் மட்டும் காரணமல்ல. நிலம், அனுமதி, நிதி, இறுதி வடிவமைப்பு ஆகியவை முடிவாகும் முன்பே அடிக்கல் நாட்டிவிடுவதே பல திட்டங்களின் முதல் கோளாறு. உலகெங்கும் 16,000-க்கும் மேற்பட்ட திட்டங்களின் விவரங்களைத் திரட்டிய டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளூவ்பியர்க், குறித்த செலவிலும் குறித்த காலத்திலும் முடிந்தவை 8.5 சதவீதம் மட்டுமே என்று கணக்கிட்டார்.

மதிப்பீட்டிலேயே தவறு தொடங்குகிறது. தொகை குறைவாகத் தெரிந்தால் ஒப்புதல் எளிதில் கிடைக்கும் என்பதால் செலவு குறைத்தும் பயன் கூட்டியும் காட்டப்படுகின்றன. பணத்தைக் கொட்டிய பிறகு திட்டத்தைக் கைவிட எந்த அரசுக்கும் மனம் வருவதில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓப்பரா ஹவுஸ் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அரசியல் அவசரத்தால், கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகாமலே 1959-இல் வேலை தொடங்கியது. கூரையின் எடையைத் தாங்காது என்று தெரிந்ததும், கட்டிய தூண்களை இடித்து மீண்டும் எழுப்ப நேர்ந்தது. 1963-இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடிந்திருக்க வேண்டிய கட்டடம், 1973-இல் 10.2 கோடி டாலரில் முடிந்தது.

அடுத்தது அதிகாரம் சிதறிக் கிடப்பது. ஒரு சாலைக்கே நெடுஞ்சாலை, வருவாய், வனம், நீர்வளம், ரயில்வே, மின்வாரியம், மாநகராட்சி எனப் பல துறைகளின் இசைவு வேண்டும். ஒரு கோப்பு நின்றாலும் வேலை நிற்கும். சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்கு நேர்ந்தது இதுதான். சுமார் 19 கிலோமீட்டர் நீளத்தில், ரூ.1,815 கோடி மதிப்பில் திட்டமிட்டு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2011-இல் மாநில ஆட்சி மாறியது. தூண்கள் கூவம் ஆற்றின் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று கூறி 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. அந்த ஆணையை 2014-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகும் வேலை நகரவில்லை. பாதியில் நின்ற தூண்கள் கூவத்தில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தன. பின்னர் இரண்டடுக்குச் சாலையாக மாற்றி வடிவமைத்து, 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு ரூ.5,800 கோடியைத் தாண்டியிருந்தது.

கட்டும்போதே திட்டத்தை மாற்றுவதும் காலத்தை விழுங்கும். ஜெர்மனியின் பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையத்தில் முனையக் கட்டடத்தின் வடிவமைப்பை இடையிடையே மாற்றினார்கள். தீவிபத்தில் புகையை வெளியேற்றும் அமைப்பு தேறாததால், 2012 ஜூன் திறப்பு விழா கடைசி வாரங்களில் ரத்தானது. விமான நிலையம் திறந்தது 2020 அக்டோபரில்.

தாமதம் தன் செலவையும் தானே கூட்டிக்கொள்கிறது. கடன் வட்டி ஏறும், சிமென்ட், இரும்பு விலை உயரும், ஒப்பந்ததாரர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுப்பார்.

இதற்கு விலக்கும் உண்டு. டெல்லி மெட்ரோவின் முதல் கட்டம், ஏறத்தாழ 65 கிலோமீட்டர், 1998-இல் தொடங்கி 2005-இல் குறித்த காலத்துக்கு முன்பே முடிந்தது. மத்திய அரசும் டெல்லி அரசும் சமபங்கு கொண்ட தனி நிறுவனம் அதை நடத்தியது. ஒப்பந்த முடிவுகளை அதன் நிர்வாக இயக்குநர் இ. ஸ்ரீதரன் அங்கேயே எடுக்க முடிந்தது; பொறுப்பும் அவருடையதாகவே இருந்தது.