வீட்டு மேசையில ஒரு குட்டி எலக்ட்ரானிக்ஸ் லேப்: எதை முதல்ல வாங்கணும்?

இந்தக் கட்டுரை முக்கியமா ஃபர்ஸ்ட் இயர், செகண்ட் இயர் தம்பி தங்கச்சிகளுக்கு. இசிஇ, ட்ரிபிள் ஈ மட்டுமில்ல, மெக்கானிக்கல் ஆளுங்களும் படிக்கலாம்.

ஃபைனல் இயர் வந்ததும் நிறைய பேர் காந்திபுரம் பக்கம் ப்ராஜெக்ட் சென்டரைத் தேடிக் கிளம்பிடுறாங்க. காசு கட்டினா கிட், ரிப்போர்ட், பிபிடி எல்லாமே கைக்கு வந்துடும். ஆனா வைவாவுல எக்ஸ்டர்னல் வந்து, "இந்த ரெசிஸ்டர் ஏன்ப்பா 330 ஓம்?"னு கேட்டா பதில் வராது. அறிவு இல்லாம இல்ல. அந்த சர்க்யூட்டை அவங்க கையால ஒரு தடவை கூட அளந்து பார்த்ததில்ல, அவ்வளவுதான். காலேஜ் லேப்ல ஒரு டேபிளுக்கு மூணு நாலு பேர். ரீடிங் எடுத்து, அப்சர்வேஷன்ல சைன் வாங்கவே நேரம் சரியா இருக்கும். தப்பா மாட்டி, ஏன் வேலை செய்யலன்னு பொறுமையா தேடுறதுக்கு வீட்டுல ஒரு மேசை வேணும்.

பிரிச்சுப் பார்த்துக் கத்துக்கிறது நம்ம ஊருக்குப் புதுசு இல்லைங்க. கலங்கல் கிராமத்துல 1893-ல பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடப் படிப்பைக்கூட முடிக்கல. ஓட்டல்ல வேலை பார்த்து, காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரிச்சு மாட்டித்தான் மெஷின் கத்துக்கிட்டார். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கே தயாரிக்க முடியும்னு 1941-ல அறிவிச்சதும் அவர்தான். அவிநாசி ரோட்டுல இருக்கிற அவரோட மியூசியத்தை ஒரு நாள் போய்ப் பாருங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலும் நாம முதல்ல ஆர்டர் போடுறது ஆர்டுயினோ கிட். நான் சொல்ற வரிசை வேற: முதல்ல பாதுகாப்பான பவர், ரெண்டாவது அளக்கிற மீட்டர், அப்புறம் பார்ட்ஸ், அப்புறம் சோல்டரிங். ஆர்டுயினோ கடைசி.

இடம்

ரெண்டடிக்கு மூணடி மேசை போதும். மெட்டல் டேபிள் வேண்டாம், கீழ படுற கம்பியெல்லாம் ஷார்ட் ஆகும். மரப்பலகையோ ப்ளைவுட்டோ நல்லது. ஜன்னல் பக்கம், நல்ல வெளிச்சத்துல போடுங்க. பழைய ஸ்வீட் பாக்ஸ், மாத்திரை டப்பா எல்லாம் பார்ட்ஸ் போட்டு வைக்க உதவும். டப்பா மேல வேல்யூ எழுதி ஒட்டிடுங்க. ரெசிஸ்டர் எல்லாம் கலந்துட்டா அரை நாள் போயிடும்.

பவர்

நம்ம வீட்டு பிளக்ல வர்றது 230 வோல்ட் ஏசி. ஆரம்பத்துல அது உங்க சர்க்யூட் பக்கமே வரக்கூடாது. நல்ல கம்பெனி மொபைல் சார்ஜர் 5 வோல்ட் கொடுக்கும், முதல் ஆறு மாசத்துக்கு அதுவே தாராளம்.

வேற வோல்டேஜ் வேணும்னா, வீட்டுல சும்மா கிடக்கிற 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை எடுத்து, எல்எம்2596 பக் மாட்யூலோட சேருங்க. அதுல இருக்கிற குட்டி ஸ்க்ரூவைத் திருப்பினா வோல்டேஜ் மாறும். மீட்டர்ல பார்த்து செட் பண்ணிட்டு, அதுக்கப்புறம்தான் சர்க்யூட்டை மாட்டணும். கரண்ட் லிமிட்டும் செட் பண்ற மாதிரி மாட்யூல் கிடைச்சா இன்னும் நல்லது. தப்பா மாட்டினாலும் ஐசி புகையாம தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

அடாப்டரை மட்டும் பிரிக்காதீங்க. 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினா உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல சுமார் 325 வோல்ட் நிக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கலாம்.

பழைய வீடா இருந்தா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ரெண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்க: மூணு பின் பிளக்ல எர்த் நிஜமாவே இருக்கா, போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கா. எம்சிபி வயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்துறது ஆர்சிசிபி.

மல்டிமீட்டர்

மஞ்சக் கலர்ல வர்ற விலை குறைஞ்ச டிஜிட்டல் மீட்டரே ஆரம்பத்துக்குப் போதும். ஆனா அதை வெச்சு வீட்டு பிளக்கை அளக்காதீங்க. பல மீட்டர்ல 10 ஆம்பியர் சாக்கெட் பக்கத்துல ஃபியூஸ் இல்லைன்னு அதிலேயே போட்டிருக்கும். லீடை அந்த சாக்கெட்டுல விட்டுட்டு வோல்டேஜ் அளக்கப் போனா நேரா ஷார்ட்தான்.

முதல் வாரம் ஒரு வேலை பண்ணுங்க. 5 வோல்ட் சப்ளை, ஒரு சிவப்பு எல்ஈடி, ஒரு 330 ஓம் ரெசிஸ்டர், மூணையும் சீரிஸ்ல மாட்டுங்க. எல்ஈடி மேல சுமார் 2 வோல்ட் விழும், மீதி 3 வோல்ட் ரெசிஸ்டர் மேல. 3-ஐ 330-ஆல வகுத்தா சுமார் 9 மில்லி ஆம்பியர். எல்ஈடிக்கு இது பாதுகாப்பான கரண்ட். கணக்குல வந்ததை மீட்டர்லயும் பாருங்க. அந்த எக்ஸ்டர்னல் கேள்விக்கு விடை இதுதான், இனி மறக்காது.

பிரெட்போர்டும் பார்ட்ஸும்

ஒரு பெரிய பிரெட்போர்டு, ஜம்பர் வயர், ரெசிஸ்டர் பேக், பத்து பிசி547 டிரான்சிஸ்டர், கொஞ்சம் எல்ஈடி, ஒரு 5 வோல்ட் ஆக்டிவ் பஸர் வாங்குங்க. சில பிரெட்போர்டுல ஓரத்துல போற பவர் லைன் நடுவுல கட் ஆகியிருக்கும். மீட்டரோட கன்டினியூட்டி பீப் வெச்சு அதை முதல்லயே பார்த்துடுங்க.

சோல்டரிங்

25 வாட் அயர்ன், மூணு பின் பிளக்கோட வாங்குங்க. ஸ்டாண்ட் இல்லாம வாங்கவே வேண்டாம். 60/40 ஈயம் 190 டிகிரிக்குள்ள உருகிடும், பழகிறதுக்கு சுலபம். ஆனா அதுல லெட் இருக்கு. வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் சாப்பிடணும். கண்ணுக்குத் தெரியுற புகை ஃப்ளக்ஸ்ல இருந்து வருது. அது மூச்சுக்குழாயை எரிச்சல் படுத்தும், ஆஸ்துமா இருக்கிறவங்க ரொம்ப கவனமா இருக்கணும். ஜன்னலைத் திறந்து வைங்க. சின்னக் குழந்தைங்க இருக்கிற வீட்டுல சமையல் மேடை, டைனிங் டேபிள் பக்கம் இந்த வேலையே வேண்டாம்.

ஹாஸ்டல்ல இருக்கீங்களா? அயர்னைப் பார்த்தா வார்டன் எடுத்துட்டுப் போயிடுவார். பவர் பேங்க், மீட்டர், பிரெட்போர்டு மட்டும் வெச்சு ஆரம்பிங்க. சோல்டரிங்கை லேப்ல பார்த்துக்கலாம்.

முதல் ப்ராஜெக்ட்: டேங்க் அலாரம்

மோட்டாரைப் போட்டுட்டு மறந்து, மேல் டேங்க் நிரம்பி மொட்டை மாடியெல்லாம் ஓடாத வீடு இருக்கா? அதுக்கு ஒரு பிசி547 போதும்.

தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி பிடிச்சா, இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பஸரோட பிளஸ் காலை 5 வோல்ட்லயும், மைனஸ் காலை கலெக்டர்லயும் மாட்டுங்க. எமிட்டர் கிரவுண்டுக்குப் போகுது. ரெண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி எடுத்து, ஒண்ணை 5 வோல்ட்ல கொடுங்க, இன்னொண்ணை 1 கிலோ ஓம் வழியா பேஸ்ல கொடுங்க. தண்ணி ரெண்டு கம்பியையும் தொட்டா, தண்ணி வழியா கொஞ்சூண்டு கரண்ட் பேஸுக்குப் போய் டிரான்சிஸ்டர் ஆன் ஆகும், பஸர் கத்தும். காப்பர் கம்பி போட்டா பிளஸ் பக்கம் சீக்கிரமே அரிச்சுடும்.

முதல்ல ஒரு டம்ளர் தண்ணியில டெஸ்ட் பண்ணுங்க. சத்தம் சன்னமா வந்தா கலெக்டர்–எமிட்டர் வோல்டேஜை அளங்க. முழுசா ஆன் ஆனா 0.2 வோல்ட் பக்கம் இருக்கும். 2 வோல்ட் காட்டுச்சுன்னா பேஸ் கரண்ட் பத்தல. ரெண்டு கம்பியையும் கிட்ட கொண்டு வாங்க. அப்பவும் பத்தலைன்னா இன்னொரு பிசி547 சேர்த்து டார்லிங்டனா மாட்டுங்க. டார்லிங்டன்ல முழுசா ஆன் ஆனாலும் 0.7 வோல்ட் மாதிரி நிக்கும், பயப்பட வேண்டாம்.

இதுலயே ரிலே வெச்சு மோட்டாரை ஆஃப் பண்ணலாமான்னு கை துறுதுறுங்கும். அது 230 வோல்ட் வேலை. தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல நிக்காம தொடாதீங்க.

பவர் மாட்யூல், மீட்டர், பிரெட்போர்டு, பார்ட்ஸ், அயர்ன் எல்லாம் சேர்த்து சுமார் 2,000 ரூபாய்க்குள்ள முடிச்சிடலாம். மொத்தமா வாங்கணும்னு அவசியமில்ல, இந்த மாசம் மீட்டரும் பிரெட்போர்டும் போதும். கூடவே ஒரு பழைய நோட்டு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவையும் கணக்குல என்ன வந்தது, மீட்டர்ல என்ன வந்ததுன்னு ரெண்டையும் எழுதுங்க. ரெண்டும் ஒத்துப் போகாத இடத்துல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அனேகமா அங்க இருந்தே கிளம்பும்.