அடிவாரத்தில் நடுக்கம், மேலே வெதுவெதுப்பு

‘மேலே போகப் போகக் குளிரும் என்றுதானே படித்தோம்? அமெரிக்காவில் டூசான் நகரில் இருக்கும் என் மகன் விடிகாலையில் தனியாக மலையேறுகிறான். அடிவாரத்தில்தான் பல் கிட்டுகிறதாம். பாதி ஏறியதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுகிறானாம். ஏறுகிற சூடா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஏறுகிற சூடும் உண்டு. ஆனால் வெப்பமானி மலையேறி வியர்ப்பதில்லை. அதுவும் மகன் சொல்வதையேதான் சொல்கிறது.

டூசான்வாசிகள் பலர் காலையில் ஏறுவது டூமமாக் குன்று. சொனோரன் பாலைவனத்தில், அடிவாரத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரம். பாடக் கணக்குப்படி உச்சி ஒரு டிகிரிக்குச் சற்று மேல் குளிர்ந்திருக்க வேண்டும். மேகமும் காற்றும் இல்லாத குளிர்கால விடியலில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது.

இரவில் பூமிக்குப் போர்வை காற்றிலுள்ள ஈரம். பாலைவனத்தில் அந்தப் போர்வை நைந்த துண்டு. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை வானத்துக்குக் கொடுத்துவிட்டுச் சில்லிடுகிறது. அதைத் தொட்ட காற்றும் சில்லிட்டுக் கனக்கிறது. இனிதான் ருசி.

தோசைக்கல் சாய்ந்திருந்தால் மாவு என்ன செய்யும்? தாழ்ந்த ஓரத்துக்கு வழிந்து தடித்துக் கிடக்கும். மேல்பக்கம் மெல்லிசாக முறுகும். சரிவில் இரவு முழுவதும் நடப்பது இதுதான். கனத்த காற்று ஓடைப் பள்ளங்கள் வழியே சத்தமில்லாமல் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அது காலி செய்த இடத்தில், இன்னும் சில்லிடாத காற்று வந்து உட்காருகிறது. மகன் ஸ்வெட்டரைக் கழற்றுவது அந்த முறுகல் பகுதியில். சூரியன்தான் தோசைத் திருப்பி... உவமையை இங்கேயே நிறுத்துகிறேன். அடுத்து சட்னி கேட்பீர்கள்.

வரலாறு கேட்பவர்களுக்காக: 1903இல் கார்னகி நிறுவனம் இந்தக் குன்றில் பாலைவன ஆய்வகம் அமைத்தது. அங்கிருந்த தாவரவியலாளர் ஃபாரஸ்ட் ஷ்ரீவ் 1912இல் இந்தக் குளிர்காற்று வடிதலைப் பற்றி எழுதினார். போதும்.

அவரைவிடத் தெளிவாகச் சொல்வது சவாரோ கள்ளி. ஒரு நாள் முழுக்க இடைவிடாமல் உறைநிலை நீடித்தால் அது தாங்காது. ஆகவே சரிவுகளில் கூட்டமாக நிற்கிறது. பள்ளத்தாக்கின் தரையில் அரிது. மண்ணும் ஒரு காரணம்தான். ஆனாலும் குளிர் எதுவரை தேங்கும் என்பதற்கு அது நட்டுவைத்த கோல் மாதிரி.

‘பாலைவன விடியலின் தூய காற்று உடல் நச்சை நீக்கும்’ என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். தேங்கிய குளிர்காற்றின்மேல் வெதுவெதுப்பான காற்று மூடியாகக் கிடக்கிறது. நகரின் வாகனப் புகை அதற்கு அடியில். அடிவாரத்தில் மூச்சுப்பயிற்சி செய்பவர் உள்ளே இழுப்பது அதையும் சேர்த்துத்தான். ஊட்டி தலைகுந்தா புல்வெளியில் உறைபனி படிந்ததும் நாம் ‘மினி காஷ்மீர்’ என்று கொண்டாடுகிறோமே, அதுவும் பள்ளத்தில் தேங்கிய இதே மாவுதான்.

வெயில் ஏறித் தரை சுட்டதும் காற்று கலந்துவிடும். காலையில் பல் கிட்டிய சுவடே இருக்காது. அடிவாரத்துக் குளிரை நம்பித் தண்ணீரைக் குறைத்து எடுத்துப் போனவர் ஏமாறுவது அப்போதுதான். கடும் வெப்ப எச்சரிக்கை வரும் நாள்களில், அதே மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகராட்சி கேமல்பேக் மலைப் பாதைகளைப் பகலில் மூடியே விடுகிறது.

மகனிடம் சொல்லுங்கள், அம்மா: ஸ்வெட்டரை மறந்தாலும் தண்ணீரை மறக்க வேண்டாம். தனியாகப் போகிறவர், எந்த வழி, எப்போது திரும்புவேன் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போவது நல்லது.